நாலு பேர் கை வைத்த ஸ்வெட்டர்

ஆவடியில் குளிர்காலம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் என் வீட்டுக்காரரை மார்கழியில் பார்த்திருக்க மாட்டார்கள். கார்த்திகை தீபம் முடிந்து அகல் விளக்குகளைக் கழுவிக் கவிழ்த்த மறுநாளே மனிதர் பரணிலிருந்து குரங்குக் குல்லாவை இறக்கிவிடுவார். முதலில் காதில் பஞ்சு, அதற்கு மேல் குல்லா, அதற்கும் மேல் மஃப்ளர். இந்த வேஷத்தில்தான் முதல் ஷிப்டுக்கு சைக்கிள் மிதிப்பார். தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நிற்பவர் தினமும் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, அடையாள அட்டையில் இருப்பது இவர்தானா என்று பார்த்த பிறகே உள்ளே விடுவாராம். "ஒரு மனுஷனைக் குளிருல நிக்க வச்சு உரிக்கிறானுக" என்று என்னிடம் வந்து புலம்புவார்.

நாங்கள் விருதுநகர்ப் பக்கத்து ஆட்கள். வெயிலிலேயே பிறந்து வெயிலிலேயே காய்ந்த உடம்பு அவருக்கு. எனக்கோ எந்த மாதமானாலும் மின்விசிறி ஓடினால்தான் தூக்கம். ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸில் இந்த இரண்டு ஜீவன்களும் எப்படிக் குடித்தனம் நடத்தின என்று கேட்காதீர்கள். மின்விசிறி ஓடும், அவர் இரண்டு போர்வைக்கு அடியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். அவ்வளவுதான் ஏற்பாடு.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மார்கழி. இப்பேர்ப்பட்டவரை ஜபல்பூருக்கு மூன்று மாதப் பயிற்சிக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. பொங்கல் முடிந்ததும் ரயிலேற வேண்டும். போன வருஷமே வந்த வாய்ப்பு அது. மூச்சு இழுக்கிறது என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டார். இந்தத் தடவையும் போகாவிட்டால் அவருக்கு அடுத்தபடி இருப்பவர் போவார். மேல்பதவியும் அவரோடு போய்விடும். மேல்பதவி என்றால் எனக்கு வேறொன்றும் இல்லை, இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். ஊரிலிருந்து யார் வந்தாலும் அடுப்படியில் அரிசி டின்னுக்கும் அம்மிக்கும் நடுவில் சுருண்டு படுத்தவள் நான். எனக்கு அந்த இன்னொரு அறை வேண்டும்.

"அங்க ராத்திரியில தண்ணி உறைஞ்சிருமாம். நான் உறைஞ்சு செத்தா அந்த ரெண்டாவது ரூம்ல என் படத்தை மாட்டிக்க" என்றார்.

"மாட்டுறேன். அதுக்கும் ஒரு சுவரு வேணும்ல?" என்றேன்.

நல்ல ஸ்வெட்டர் ஒன்று இருந்தால் போவதைப் பற்றி யோசிக்கலாம் என்று இறங்கி வந்தார். சென்ட்ரலுக்கு எதிரே நடைபாதையில் குளிர்காலத்தில் மலையாகக் குவித்து ஸ்வெட்டர் விற்பார்கள், சல்லிசாக இருக்கும். அதைச் சொன்னதும் மனிதர் துள்ளிக் குதித்தார். "அதெல்லாம் வெளிநாட்டுல செத்துப்போனவங்க போட்டதாம். செத்தவன் சட்டையைப் போட்டுக்கிட்டு நான் ரயிலேறணுமா?" சரி, புதுசாகவே வாங்கித் தொலைப்போம் என்று ஒரு கடையில் ஏறி விலையைக் கேட்டேன். எனக்கே குளிர் எடுத்துவிட்டது.

இந்தக் கஷ்டத்தை நான் இறக்கி வைத்த இடம் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டி. எனக்குப் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. காலை வண்டியில் நாங்கள் நாலு பேர் ஒரு செட். ஆவடியில் நானும், பக்கத்துச் சேக்காட்டிலிருந்து வருகிற அக்காவும் ஏறி, சாப்பாட்டுப் பையைப் போட்டு மற்ற இருவருக்கும் இடம் பிடித்து வைப்போம். அம்பத்தூரில் ஏறுகிற அக்கா எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், ஏறும்போதே அதிகாரம் பண்ணிக்கொண்டு ஏறுவார். கொரட்டூரில் ஏறுகிறவள் புதிதாகக் கல்யாணமான சின்னப் பெண். மனசில் நினைப்பதற்கு முன்பே வாயில் வந்துவிடும் அவளுக்கு.

குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் பேச்சு முழுக்கச் செலவுதான். காலிஃபிளவர் வந்துவிட்டதா, பச்சைப் பட்டாணி விலை இறங்கியதா, பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் கிடைத்தானா, யார் வீட்டில் தவணையில் மிக்ஸி இறங்கியது. கொரட்டூர்ப் பெண் கலர் கோலப்பொடிக்கே பாதிச் சம்பளத்தைக் கரைத்துவிட்டாள் என்று அவளை ஓட்டாத நாள் கிடையாது. சேக்காட்டு அக்கா மட்டும் இந்தப் பேச்சில் சேர மாட்டார், கேட்டுச் சிரித்துக்கொள்வதோடு சரி. அவருடைய வீட்டுக்காரர் இரண்டு வருஷத்துக்கு முன்பு அலுவலகத்திலேயே நெஞ்சு வலித்துச் சாய்ந்துவிட்டார். அதே அலுவலகத்தில் இவருக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுத்திருந்தார்கள். அவருக்கு முன்னால் எங்கள் புருஷன்மாரைத் திட்டுவதற்குக்கூட எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனாலும் திட்டுவோம்.

ஸ்வெட்டர் கதையைக் கேட்டதும் அம்பத்தூர் அக்கா கையைத் தட்டினார். அவருடைய அப்பா விமானப் படையில் இருந்தவர், அக்கா வளர்ந்ததெல்லாம் வடக்கே. "அட அசடே, அங்கெல்லாம் பொம்பளைங்க பஸ்ஸுல போறப்பவே ஸ்வெட்டர் பின்னி முடிச்சிடுவாங்க. நாம நாலு பேரு இருக்கோம். ஆளுக்கு ஒரு துண்டு. பொங்கலுக்குள்ள முடிச்சிடலாம்."

சௌகார்பேட்டைச் சந்தில் பாசிப்பச்சை உல்லன் வாங்கி வந்தேன். ஊசி அக்காவிடமே இருந்தது. முன்பக்கம் அக்காவுக்கு, முதுகு எனக்கு, இடது கை கொரட்டூர்ப் பெண்ணுக்கு. வலது கை யாருக்கு என்று அக்கா சொல்வதற்குள், "அதை எங்கிட்ட கொடுங்க" என்று சேக்காட்டு அக்கா தானாகவே கையை நீட்டினார். அவர் எங்களிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை. சந்தோஷமாக இருந்தது.

"ஆளு எப்படி இருப்பாரு? உயரமா, குட்டையா, தொப்பை உண்டா?" என்று கேட்டார் அம்பத்தூர் அக்கா.

அன்று காலைதான் வெந்நீர் ஆறிவிட்டது என்று என்னிடம் கத்திவிட்டுப் போயிருந்தார் மனிதர். அந்த எரிச்சலில், "அவரு என்ன மகாராஜாவா? எல்லார் வீட்டு ஆம்பளை மாதிரிதான் இருப்பாரு" என்றேன். சண்டை போட்ட நாளில் வாயைத் திறக்கவே கூடாது.

அதற்குப் பிறகு எங்கள் பெட்டி பெட்டியாகவே இல்லை. உல்லன் உருண்டை இருக்கைகளுக்கு அடியில் ஓடி, வில்லிவாக்கத்தில் ஏறிய பூக்காரம்மாவின் கூடையில் போய்ச் சிக்கிக்கொள்ளும். "யாரும்மா ஆத்தா, கயித்தக் கட்டி வச்சிகீறது?" என்று அவர் சத்தம் போடுவார். பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு வண்டி நின்றால் முன்பெல்லாம் ரயில்வேயைத் திட்டுவோம். இப்போது இரண்டு வரிசை கூடுதலாகப் பின்னலாம் என்று சந்தோஷப்பட்டோம். கோபத்தோடு பின்னினால் நூல் இறுகும் என்றார் அக்கா. நான் மார்கழி முழுக்கக் கோபமாகத்தான் இருந்தேன்.

போகிக்கு ஒரு வாரம் முன்னால் ஓடுகிற ரயிலிலேயே அக்கா நாலு துண்டுகளையும் சேர்த்துத் தைத்தார். கூட்டம் முதுகில் இடிக்க இடிக்கத் தைத்ததால் யாருக்கும் விரித்துப் பார்க்க வாய்க்கவில்லை. "கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் உல்லன் இழுத்துக் கொடுக்கும். உடம்புல ஏறினா சரியாயிடும்" என்றார்.

உடம்பில் ஏறியது. என் வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால் போய் நின்றார். முன்பக்கத்தில் இன்னொரு ஆள் தாராளமாகக் குடியிருக்கலாம். முதுகு, மனிதர் மூச்சு விட்டால் பிய்த்துக்கொள்ளும் போல இருந்தது. இடது கை முழங்கையைத் தாண்டியதும் முடிந்துவிட்டது. வலது கை விரலையும் விழுங்கிவிட்டு மேலும் கீழே தொங்கியது.

"இது ஒரு ஆளுக்குப் பின்னினதா, ஒரு குடும்பத்துக்கா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அதுதான் தப்பாய்ப் போயிற்று. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க ஸ்வெட்டரைக் கழற்றிக் கட்டிலில் வீசினார். "நான் போகலை. போய் அங்க நாலு பேரு சிரிக்கிறதுக்கா?" என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டார். இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் ஒரு பச்சை ஸ்வெட்டரில் மாட்டிக்கொண்டு என் கண் எதிரிலேயே தொங்குகிறது. ஊர் கூடித் தேர் இழுக்கலாம், ஸ்வெட்டர் பின்னக் கூடாது என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் ரயிலில் அதை மடியில் விரித்துப் போட்டு மூன்று பேரையும் ஒரு பிடி பிடித்தேன்.

"இன்னாக்கா நீ? நீதான எல்லார் ஊட்டு ஆம்பள மாறிதான் இருப்பாருன்னு சொன்ன?" என்று கொரட்டூர்ப் பெண் பதிலுக்கு எகிறினாள். "நானு எங்க ஊட்டுக்காரு தூங்கிக்கினு இருக்கசொல்ல அவரு கைய அளந்து போட்டேன்!"

அம்பத்தூர் அக்கா கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். அப்புறம் மெதுவாக, "நானும் எங்க வீட்டுக்காரரை நினைச்சுத்தான் போட்டேன். அவருக்கு வயித்துப் பக்கம் கொஞ்சம் வசதி" என்றார். அவ்வளவுதான், பெட்டியே சிரித்தது. எதிர் இருக்கைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் கோபம் பறந்துவிட்டது.

அந்தச் சிரிப்பிலேயே கொரட்டூர்ப் பெண் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "அப்போ இது யாரு கை? இம்மா நீட்டு!"

"எங்க வீட்டுக்காரர் கை" என்றார் சேக்காட்டு அக்கா. "அவருக்குக் கை நீளம்."

"அச்சச்சோ! அடிப்பாராக்கா?"

அம்பத்தூர் அக்கா அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆனால் சேக்காட்டு அக்கா சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

"இல்லம்மா, அடிக்கிற ஆளு இல்ல. நிஜமாவே நீளம். எந்தக் கடையில சட்டை எடுத்தாலும் மணிக்கட்டுக்கு மேலேயே நின்னுடும். ஆபீஸ்ல எல்லாரும் கிண்டல் பண்றாங்கன்னு அரைக்கை சட்டையே போட்டுக்கிட்டுப் போவாரு. ஒரு தடவையாவது சரியான முழுக்கை போடணும்னு அவருக்கு ஆசை." ஸ்வெட்டரைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். "பின்னும்போது எனக்கு வேற அளவு தோணவே இல்ல. தப்புதான். கொடுங்க, பிரிச்சுட்டு நாளைக்கே சின்னதாப் போட்டுத் தந்துடறேன்."

சொல்லிக்கொண்டே நுனி நூலைத் தேடி இழுக்கத் தொடங்கிவிட்டார். நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். "விடுங்கக்கா. மத்த மூணையும் சரி பண்ணலாம். இது இப்படியே இருக்கட்டும்" என்றேன். பெரிதாகச் சொல்லிவிட்டேனே தவிர உள்ளுக்குள் உதறல்தான். செத்தவன் சட்டை என்று நடைபாதையையே ஒதுக்கியவரிடம் இதை எந்த வாயால் சொல்வது?

அக்கா முன்பக்கத்தைப் பிடித்துத் தைத்தார். நான் முதுகைப் பிரித்து, கோபம் இல்லாமல் திரும்பப் பின்னினேன். பாசிப்பச்சை தீர்ந்துவிட்டதால் கொரட்டூர்ப் பெண் இடது கையின் மிச்சத்தைக் கிளிப்பச்சையில் முடித்தாள். பொங்கலுக்கு மறுநாள் காலை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் காப்பியைக் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. போகவில்லை என்றால் போகாமல் இருக்கட்டும் என்று அந்த நிமிஷம் தோன்றியது. அறையாவது ஒன்றாவது.

கையில் இருந்த காப்பி ஆறிப்போனது. காப்பி ஆறிவிட்டால் வள்ளென்று விழுகிற மனிதர் அதை அப்படியே கீழே வைத்தார். அப்புறம் எழுந்து போய் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார். வலது கையை இரண்டு மடிப்பு மடித்து மணிக்கட்டில் நிறுத்தினார்.

"முழுக்கைக்கு ஆசைப்பட்டாருன்னா போட்டுட்டே போறேன். அந்த மனுஷனும் ஜபல்பூரைப் பாத்துட்டு வரட்டும்" என்றார். ஆறிய காப்பியை எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நல்ல வேளை, உடனே இடது கையைத் தூக்கிப் பார்த்து, "ஆனா இந்தக் கிளிப்பச்சைக்காரன் எவன்? அவன் கையா இது, கரண்டிக் காம்பா?" என்று கேட்டுவிட்டார்.

கிளம்புகிற அன்று வேலை முடிந்து மூன்று பேரும் சென்ட்ரலுக்கு வந்துவிட்டார்கள். பிளாட்பாரத்தில் அத்தனை பேரும் வியர்த்து வழிய, இவர் ஒருவர் மட்டும் ஸ்வெட்டரும் குல்லாவுமாக நின்றார். அம்பத்தூர் அக்கா அவரைச் சுற்றி வந்து முதுகைத் தட்டிச் சரிபார்த்தார். கொரட்டூர்ப் பெண், "சூப்பரா கீதுண்ணா" என்று வாய் கூசாமல் சொன்னாள். சேக்காட்டு அக்கா ஒரு பொட்டலத்தில் சுக்குப்பொடி கொண்டுவந்திருந்தார். "வெந்நீர்ல போட்டுக் குடிங்க தம்பி, சளி பிடிக்காது தம்பி" என்று இரண்டு தரம் சொன்னார். அவர் கண் அந்த வலது கைப் பக்கம் போகவே இல்லை.

வண்டி நகர்ந்தது. என் வீட்டுக்காரர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குக் கையாட்டினார். ஆட்டிய ஆட்டில் மடிப்பு இரண்டும் கலைந்தன. ஸ்வெட்டரின் கை விரல்களையும் மூடிக்கொண்டு காற்றில் அடித்தது. அவர் கை தெரியவே இல்லை, நீளமான அந்தப் பச்சைக் கை மட்டும் ஆடிக்கொண்டே போனது.

என் பக்கத்தில் நின்ற சேக்காட்டு அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். கையைத் தலைக்கு மேலே தூக்கினார். "போயிட்டு வாங்க" என்றார். தம்பி என்று சொல்லவில்லை. இன்னொரு தரமும், "போயிட்டு வாங்க" என்றார்.

என் புருஷனை வேறொருத்தி வழியனுப்ப விட்டுக்கொடுக்கிற ரகமில்லை நான். அன்றைக்கு ஆட்டத் தூக்கிய கையை இறக்கிவிட்டு, அக்காவுக்கு மறைக்காமல் ஒதுங்கி நின்றேன்.