நறுக்கி எறிந்த சுருள்

போன ஞாயிறு. தேனி மார்க்கெட்டுக்கு வெளியே ஒரு அம்மா, சட்டி நிறைய வயல் நத்தை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். (உங்களில் எத்தனை பேர் சாப்பிடுவீர்கள்? கையைத் தூக்க வேண்டாம்!)

"வெந்ததும் வால நறுக்கிப் போட்ருங்க ஆத்தா… கசக்கும்."

சிரித்துவிட்டேன். அந்த வாலால்தானே ஆரோக்கியமேரி பிராக்டிகலில் ஃபெயில் ஆனாள்!

காலேஜில் விலங்கியல் படித்தபோது நானும் அவளும் ஒரே மேஜை. அவளுக்கு தேவதானப்பட்டி பக்கம். பரீட்சையில் வந்தது நத்தையின் ஜீரண மண்டலம். நத்தை சாமானியப்பட்டதா? தண்ணீரில் மூச்சுவிடச் செவுள், தரையில் மூச்சுவிட நுரையீரல், நாக்கில் அரம் மாதிரிப் பல்வரிசை, உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள ஒரு மூடி. ஈரல் மட்டும் ஓட்டின் கடைசிச் சுருளில், ஊர்ப்பக்கம் 'வால்' என்கிறார்களே அதில், ஒளிந்திருக்கும்.

மேரிக்குப் பதற்றம். கை வீட்டுப் பழக்கத்துக்குப் போய்விட்டது. சுருளை நறுக்கிக் குப்பையில் போட்டாள். மிச்சத்தை மூன்று தண்ணீர் விட்டு அலசி, தட்டில் வைத்து நிமிர்ந்தாள்.

"ஈரல் எங்கம்மா?" என்றார் எக்ஸாமினர்.

"அதத் திங்க மாட்டோம் சார்…"

லேபே குலுங்கியது. அன்றிலிருந்து அவள் பெயர் 'நத்தைக் குழம்பு'. டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்தில் உட்கார ஆளில்லை. ஒரே மேஜைக்காரி, நானாவது ஏதாவது பேசினேனா? இல்லை… அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

இத்தனைக்கும் அல்லிநகரத்தில், எங்கள் வீட்டிலும் மழை பெய்தால் நத்தைக் குழம்புதான். யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

மேரி மறுபடி எழுதிப் பாஸானாள். இன்று டீச்சர். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் போனில் பேசிக்கொள்வோம். இதை மட்டும் பேசியதில்லை — முப்பது வருஷமாக!

ஞாயிறு வாங்கி வந்த நத்தையை அடுப்பில் வைத்துவிட்டு அவளுக்கு போன் போட்டேன். வெட்டென்று வைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"மேரி… அன்னைக்கு நானும் சிரிச்சேன்ல? எங்க வீட்லயும் நத்தை திம்போம்டி. ஒங்கிட்ட மறைச்சுட்டேன்."

போனில் ஒரு சிரிப்பு.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டி. அங்கன எல்லாவளும் ஓட்ட ஒடைச்சுக்கிட்டுக் கெடந்தாளுக. நீ மட்டும் தாவணி ஊக்கக் கழட்டி உள்ள விட்டு, ஒரே திருகுல முழுசா எடுத்தியே!"

அந்த லேபில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்… நானும் தனியாகத்தான் சாப்பிட்டிருப்பேன். சொல்லவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பேச்சுச் சுவாரஸ்யத்தில் வாலை நறுக்க மறந்துபோனேன். குழம்பு கசந்தது. ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை!