மயக்க டாக்டர் அட்டை எடுக்க மாட்டார்

தெருவே ரேடியோ என்று கூப்பிடுகிற அந்தச் சலூன்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருக்கும். அதைக் கேட்கத்தான் யாருக்கும் இடைவெளி கிடைத்ததில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது திறக்கிற வாய், சாயங்காலம் ஷட்டரோடுதான் இறங்கும். பஞ்சாயத்து, பருவமழை, பக்கத்துக் கடைக்காரனின் மாமியார் என்று எதுவும் தப்பாது. கத்தரிக்கோல் கொஞ்சம் ஓய்ந்தாலும் நாக்கு ஓயாது.

"இந்த ஊர்ல என் கைக்கு வராத தலையே கிடையாது. பின்னாடியிருந்து பாத்தே ஆளைச் சொல்லிடுவேன்" என்பது அவர் பெருமை. பொய்யில்லை. பின்னாலிருந்து சொல்லிவிடுவார். முன்னாலிருந்து பார்த்தால்தான் கொஞ்சம் தகராறு. வாடிக்கையாளர்களை இரட்டைச் சுழி, தழும்பு மண்டை, தூங்குமூஞ்சி என்று தலையை வைத்தே அடையாளம் வைத்திருந்தார். இவர்களில் தூங்குமூஞ்சி மீது அவருக்குத் தனிப் பிரியம். கழுத்தில் துணி கட்டுவதற்குள் கண் சொருகிவிடும். எத்தனை வருஷமாக வருகிறார், என்ன வேலை செய்கிறார் என்று ரேடியோ கேட்டதே இல்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரே, அந்த நேரத்தில் இவர் எப்படிப் பேசுவது?

கடையின் பின்பாதியில் ஒரு திரை. அதற்குப் பின்னால் அவர் மனைவி தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் பேசுவது குறைவு. வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்குத்தான் பித்தப்பையில் கல். ஒரு மத்தியானம் சாப்பிட்ட கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்த அறுவை டாக்டர், "இன்னொரு தடவை இப்படி வந்தா உயிருக்கே ஆபத்து, தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டார். அரசாங்கக் காப்பீட்டு அட்டை கையில் இருக்கிற தைரியத்தில் ரேடியோ கவுண்டருக்குப் போனார்.

கவுண்டர் பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆபரேஷனுக்கு இது செல்லும் சார். கட்டிலுக்குச் செல்லும். தையல் நூலுக்குக்கூடச் செல்லும். மயக்க டாக்டருக்கு மட்டும் செல்லாது. அவர் வெளியிலிருந்து வர்றவர், அட்டை எடுக்க மாட்டார்."

"அப்போ அறுக்கறது இலவசம், வலிக்காம அறுக்கறதுக்குத்தான் காசா?" என்றாள் மனைவி.

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா. அது ரூல்ஸ்."

யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற புண்ணியவான்களை என்ன சொல்வது! அந்த மயக்கத்துக்கு அவர்கள் சொன்ன தொகை, கடை நாற்காலிகளைக் கண்ணாடியோடு சேர்த்து விற்றாலும் தேறாது.

ரேடியோ காப்பீட்டு உதவி எண்ணுக்குப் போன் போட்டார். அவரையே பேசவிடாமல் பாட்டுப் போட்ட ஒரே இடம் அதுதான். கடைசியில் ஒரு பெண் குரல், அட்டை எடுக்கிற உள்ளூர் மயக்க மருத்துவர்கள் என்று மூன்று பேரின் எண்களைக் கொடுத்தது. முதலாமவர் வெளிநாடு போய் அங்கேயே வீடு கட்டிவிட்டாராம். இரண்டாமவர் பல் டாக்டர், ஈறு மரத்துப்போக மட்டும் ஊசி போடுவாராம். மூன்றாமவர் போனை எடுத்ததும், "மாட்டுக்குன்னா உடனே வர்றேன். மனுஷங்களுக்குப் போட்டுப் பழக்கமில்ல" என்றார். அவர் ஒருத்தர்தான் நேர்மையான ஆள். இதற்கிடையில், சேவையில் திருப்தி என்றால் ஒன்றை அழுத்தச் சொல்லி உதவி எண்ணிலிருந்து ஓயாமல் அழைப்பு வந்தது.

வேறு வழியில்லாமல் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடந்து, மயக்க டாக்டரையே மடக்கினார். பச்சை உடுப்பு, தலையில் தொப்பி, முகத்தில் முகமூடி. வெளியே தெரிந்தது இரண்டு கண்ணும் இரண்டு புருவமும்தான். ரேடியோ கொட்டித் தீர்த்தார். டாக்டர் ஒரு கணம் அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு, "கவுண்டர்ல கேளுங்க" என்று முகமூடிக்குள் முனகிவிட்டு நடையைக் கட்டினார்.

"ஈவு இரக்கமில்லாத ஜென்மம்! என் கடைப் பக்கம் தலையைக் காட்டட்டும், அப்புறம் தெரியும் சேதி!" என்று ரேடியோ வீடு வரைக்கும் கறுவிக்கொண்டே வந்தார்.

மெஷின் மிதித்தால் வயிறு இழுத்துப் பிடிக்கிறது என்று மனைவி அன்றிலிருந்து திரைக்கு முன்னால் வந்து, வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பட்டன் தைத்தாள். எதிரே பெரிய கண்ணாடி. கடைக்கு வருகிறவர்களின் முகத்தை அவள் நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

தூங்குமூஞ்சி வந்தார், உட்கார்ந்தார், வழக்கம்போலக் கண் சொருகியது. ரேடியோ நுரை தடவி ஒரு கன்னத்தை வழித்தபடி மயக்க டாக்டர் புராணத்தை ஆரம்பித்தார். அன்றைக்கு மட்டும் அவர் அதைச் சொல்வது மூன்றாம் தடவை. "ஈவு இரக்கமில்லாத ஜென்மம்" என்கிற இடம் வந்தபோது, துணிக்குக் கீழே தூங்குமூஞ்சியின் கால் கட்டைவிரல் மடங்கி நிமிர்ந்தது. மனைவி ஊசியைக் கீழே வைத்தாள். கண்ணாடியில் பார்த்தாள். இடது புருவத்தில் ஒரு கொத்து நரை. வராந்தாவில் முகமூடிக்கு மேலே பார்த்த அதே புருவம்.

"என்னங்க, கொஞ்சம் வாயை மூடுங்க. அந்த டாக்டர் இவர்தான்."

ரேடியோ குனிந்து முதல் முறையாக அந்த முகத்தை முன்னாலிருந்து பார்த்தார். அந்த நரைத்த புருவத்தை வருஷக்கணக்காகக் கத்தரித்துவிட்டவர் சாட்சாத் இவரேதான். வாய் அடைத்துப்போனது. கையில் சவரக்கத்தி. ரேடியோ பேசுவதை நிறுத்தியதும் டாக்டர் பயந்துபோய்க் கண்ணைத் திறந்துவிட்டார்.

"தூங்குறவனை எழுப்பலாம், தூங்குற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாதும்பாங்க. எழுந்துட்டீங்களே!" என்றாள் மனைவி.

டாக்டர் பாதி நுரையோடு நெளிந்தார். "என்கிட்ட அட்டை செல்லும்மா. பதிவெல்லாம் இருக்கு. அரசாங்கத்துப் பணம் ஆடி அசைஞ்சு வருது, அதான் கவுண்டர்ல இல்லன்னு சொல்லச் சொல்லிட்டேன்."

"அன்னைக்கு வராந்தாவுல எங்களையாவது தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். ஆனா இவர்கிட்ட ஒண்ணு சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடுமே!"

அதற்கு மட்டும் அவளும் தலையை ஆட்டினாள்.

"உங்களுக்கு நானே அட்டையில பண்றேன். ஆனா ஒரு ஜீவனுக்கும் சொல்லக் கூடாது" என்றார் டாக்டர். ரேடியோ தன் மனைவி மேல் சத்தியம் செய்தார். மறு கன்னத்தைப் பேசாமலே வழித்தார். அந்த நிசப்தத்தில் டாக்டரால் தூங்குவதுபோல் நடிக்கக்கூட முடியவில்லை.

அதற்கப்புறம் ரேடியோ கடையில் வாயே திறக்கவில்லை. எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் அது டாக்டரில்தான் போய் முடியும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஆபரேஷன் ரேடியோவுக்குத்தானோ என்று இரட்டைச் சுழி விசாரித்துவிட்டுப் போனார்.

ஆபரேஷன் நாளன்று ரேடியோ வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கவுண்டரில், காலில் மாவுக்கட்டுப் போட்ட புருஷனைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்த ஒரு பெண் அட்டையை நீட்டினாள். "ஆபரேஷனுக்குச் செல்லும்மா. மயக்க டாக்டர் மட்டும் அட்டை எடுக்க மாட்டார்" என்று அதே குரல், அதே ராகம். அந்த மயக்க டாக்டர் அந்த நிமிஷம் கதவுக்குள்ளே அட்டைக்குத்தான் வேலை செய்துகொண்டிருந்தார்.

அந்தப் பெண் பெஞ்சுப் பக்கம் வந்தாள். "அண்ணே, அட்டை எடுக்குற மயக்க டாக்டர் யாராவது தெரியுமாண்ணே?"

ஊரில் யாருக்கும் வேண்டாத சேதியை எல்லாம் கேட்காமலே சொன்னவரிடம், முதல் தடவையாக ஒருத்தி உயிர்போகிற கேள்வியைக் கேட்கிறாள். ரேடியோ கதவைப் பார்த்தார். உள்ளே இருப்பவள் மூச்சு அந்த ஆள் கையில்.

"தெரியலம்மா" என்றார். சொன்ன மாத்திரத்தில் தன் மேலேயே அவருக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரில் மனைவி, பக்கத்தில் தொப்பியும் முகமூடியுமாக டாக்டர். அவள் பாதிக் கண்ணைத் திறந்து புருஷனைத் தேடினாள். தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் நிற்கிற புருஷன் அவளுக்குப் புதுசு. அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணையும், அவள் கையிலிருந்த அட்டையையும் பார்த்தாள்.

"ஏம்மா..." நாக்குக் குழறியது. "இந்தப் புருவம் நரைச்சவர் அட்டை எடுப்பார். எனக்கு எடுத்தாரே."

டாக்டர் அவசரமாகச் சிரித்தார். "மயக்கம் இன்னும் தெளியல. உளறுறாங்க."

"சத்தியம் பண்ணது நீங்கதானே, நானில்லையே" என்று அவள் புருஷனிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ரேடியோ தொண்டையைச் செருமினார். "அவளுக்குத் தெளிஞ்சிடுச்சு டாக்டர்" என்றார். பிறகு கேட்டுக்கு வெளியே இருக்கிற டீக்கடை வரைக்கும் கேட்கும்படி குரலை ஏற்றினார். "அட்டை வச்சிருக்கிறவங்க எல்லாம் இப்படி வாங்க! மயக்க டாக்டர் இதோ நிக்கிறார்!"

கவுண்டர் பெண் எழுந்து நின்றாள். டாக்டர் நழுவப் பார்த்தார். அதற்குள் அந்தப் பெண் சக்கர நாற்காலியைத் திருப்பி அவருக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தாள்.