படகில் கசிந்த சிவப்பு

மாமா பாய்மரப் படகு வாங்கியபோது ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு மனிதர்கள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநாள் ஆனது. அம்மாவின் தம்பியான அவர் அரசாங்க ஆபீசில் பைல்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவர். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய படகு அது. விழிஞ்ஞத்தில், துறையின் ஒதுக்குப்புறத்தில் கட்டிக்கிடந்தது. காற்று அடித்தால் அதன் கம்பி வடங்கள் முனகும். காற்று நின்ற பிறகும் கொஞ்ச நேரம் முனகுவதுபோல எனக்குத் தோன்றும்.

மாமிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் என்றாலே அவளுக்குக் குலைநடுக்கம். சங்குமுகத்துக்குப் போனால்கூட அலைக்கு எட்டாத மணலிலேயே உட்கார்ந்துவிடுவாள். "துறைக்குள்ள எத்தனை சுத்து வேணும்னாலும் சுத்துங்கோ. வெளிக்கடலுக்குப் போனேள்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மாமாவும் பெட்டிப்பாம்பாக அடங்கினார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அரிவாள்மணை, தையல் மிஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. படகை மட்டும் விட முடியுமா? பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பி வடங்கள், படகின் விளிம்பில் பொருத்திய எஃகுப் பட்டைகளில் வந்து முடியும். மாமி கரையில் நின்று சொல்லச் சொல்ல, மாமா ஒவ்வொரு பட்டைக்கும் பொட்டு வைத்தார்.

துலாவர்ஷ மழை எல்லாப் பொட்டையும் கழுவிக்கொண்டு போனது. கரைப்பக்கத்துப் பட்டை ஒன்றில் மட்டும் சிவப்பு போகவில்லை. நான் துணியால் துடைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் அதே இடத்தில் சிவப்பு கசிந்து வழிந்திருந்தது. மறுபடி துடைத்தேன், மறுபடி வந்தது. அதன்பின் நான் அந்தப் பட்டையில் கை வைக்கவேயில்லை. மாமியோ கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்பாள் வந்து உக்காந்துட்டா. இனி எனக்கென்ன பயம்? கடலுக்குப் போய்ட்டு வாங்கோ" என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் பூஜைக் கூடையோடு துறைக்கு வந்து, சிவப்பைக் கண்ணால் கண்ட பிறகே மாமாவை அனுப்புவாள்.

ஒருநாள் பகலில் மாமா வடங்களைச் சோதிக்கப் போகும்போது என்னையும் அழைத்துப் போனார். மாமி விளக்குத்திரிக்கு வைத்திருந்த பஞ்சைக் கொண்டுவந்து ஒவ்வொரு வடத்தின்மேலும் உருவினார். கம்பியில் இழை அறுந்திருந்தால் பஞ்சு அங்கே சிக்கிக்கொள்ளும். எங்கும் சிக்கவில்லை. பிறகு பூதக்கண்ணாடியோடு அந்தப் பட்டையின்மேல் குனிந்தவர் நிமிரவேயில்லை. உச்சிவெயிலில் சுற்றிலும் ஒரு ஈ, காக்கை இல்லை. வடங்கள் முனகிக்கொண்டிருந்தன.

"குங்குமம் இல்லடீ, துரு" என்றார் கடைசியில். எஃகில் மயிரிழை கனத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. சிவப்பு அதற்குள்ளிருந்துதான் கசிந்தது. "நடுக்கடல்ல இது பொட்டுனு போயிருந்தா பாய்மரம் என் தலையிலதான்."

மரத்தை வேறொரு கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு, பட்டையைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். நான் போல்ட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். புதுப் பட்டை பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் மாமாவின் முகம் தொங்கிவிட்டது. "வெள்ளிக்கிழமை மாமி வந்து பார்ப்பா. சிவப்பு இல்லேன்னா என் கடல் அதோட போச்சு." கொஞ்சம் குங்குமத்தை நாமே வைத்துவிடலாமே என்றேன். "சே, அம்பாள் காரியத்துல கள்ளத்தரமா?" என்று என்னை அதட்டினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. நானும் மாமாவும் ஆட்டோவிலிருந்து பாயை இறக்கிச் சுமந்து வருவதற்குள் மாமி முன்னால் போய்விட்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கைகூப்பி நின்றிருந்தாள். புதுப் பட்டையில் சிவப்பு இருந்தது. அதே இடத்தில், அதே மாதிரி வழிந்திருந்தது.

மாமா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நான்தான் வைத்தேன் என்று நினைத்துவிட்டார். நான் வைக்கவில்லை என்பது எனக்கல்லவா தெரியும்! மெல்லிய காற்றுதான், ஆனாலும் வடங்கள் விடாமல் முனகின. "போகாதீங்கோ மாமா" என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாமிதான் என் விரல்களைப் பிரித்தாள். "ஒண்ணும் ஆகாது. ஆசையா இருக்கார், போய்ட்டு வரட்டும்." அவள் கை ஈரமாக, ஜில்லென்று இருந்தது. பாய் சிறுத்துச் சிறுத்துக் கண்ணுக்கு மறையும்வரை அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஸ்லோகம் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மாமா சாயங்காலம் சௌக்கியமாகத் திரும்பி வந்தார். எனக்குத்தான் காய்ச்சல். பிற்பாடு கல்லூரி விடுதியில் இதைப் பேய்க்கதையாகச் சொல்லி எத்தனையோ பேரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்கும் புல்லரிக்கும்.

பட்டை மாறியது மாமிக்குத் தெரியாது என்றே நாங்கள் இருவரும் இருந்தோம். வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பளபளக்கும் புது எஃகைக் கண்டுபிடிக்க யாருக்கும் பூதக்கண்ணாடி வேண்டியதில்லை. வழவழப்பான அதில் வெறும் குங்குமம் ஒட்டாது. தண்ணீர் விட்டுக் குழைத்தால்தான் அப்படி வழியும். அங்கே கடலைத் தவிர வேறு தண்ணீரும் கிடையாது. அம்பாள் அங்கே இல்லை என்று தெரிந்த பிறகும் அவரை அனுப்பிவைப்பதற்காக, மாமி தன்னந்தனியாகத் துறையின் விளிம்பில் மண்டியிட்டு அந்தத் தண்ணீருக்குள் கையை விட்டிருக்கிறாள்.