கிரேஸ் சிஸ்டர் மேடையேறிய மாலை

புதுவாயல் கூட்டுரோட்டைத் தாண்டி கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிற வழியில், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கம்பித் தொழிற்சாலை வந்தது. அதன் முதலுதவி அறையைப் பார்த்துக்கொண்டவள் கிரேஸ். சோழவரம் ஏரித் தண்ணீர் பாய்கிற வயல்களில் கூலிக்கு நாற்று நட்டுப் பிழைத்த ஆசீர்வாதத்தின் மூத்த மகள். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் படிப்பு முடித்தவள். தொழிற்சாலையில் கூலியாளிலிருந்து மேனேஜர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் "சிஸ்டர்"தான்.

விரல் நசுங்கி வருபவன், சூட்டுக்காயத்தோடு வருபவன், கம்பிச் சுருள் தெறித்துத் தாடை கிழிந்து வருபவன் என்று யார் வந்தாலும் அவள் முகம் மாறாது. அதனால் அவளுக்குப் பயமே கிடையாது என்று ஊர் நினைத்திருந்தது. உண்மை வேறு. ரத்தம் வந்த பிறகு அவளுக்குக் கை நடுங்குவதில்லை. வருவதற்கு முன்னால்தான் எல்லாம். படிக்கிற காலத்தில், அறுவடையின்போது கருக்கரிவாள் வயிற்றில் இறங்கிய ஒரு வாலிபனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அவன் பக்கத்தில் நின்று கிண்ணம் பிடித்தவள் அவள். அவன் விடியும் வரை தண்ணீர் கேட்டான். கொடுக்கக் கூடாது என்றார்கள். அன்றிலிருந்து, யாராவது அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்கூட அவள் அந்தப் பேச்சைக் கேட்க மாட்டாள், அரிவாளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் புருஷன் பாக்கியநாதனும் அதே தொழிற்சாலையில்தான். கம்பிச் சுருளை வண்டியில் ஏற்றுகிற வேலை. டெம்பரவரி. எப்போது பர்மனெண்ட் ஆவோம் என்பதே அவனுக்கு மூச்சு.

இயந்திரங்களை நிறுவ ஜப்பானிலிருந்து சில என்ஜினீயர்கள் குடும்பத்தோடு வந்து குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார்கள். ஆகஸ்டு மாதம் அவர்கள் ஊரில் கோடைத் திருவிழா நடக்குமாம். அந்த வருஷம் அதைத் தொழிற்சாலை மைதானத்திலேயே, சுற்றுப்பட்டு ஜனங்களையும் அழைத்து நடத்தலாம் என்று முடிவாயிற்று. காகித விளக்குகள், பெரிய மேளம், பெண்களின் வட்ட நடனம், மூங்கில் கழிச் சண்டை, கையால் ஓடு உடைப்பது, கடைசியில் வாள் வித்தை. ஏற்பாடுகள் எல்லாம் பர்சனல் ஆபீஸில் இருந்த ஸம்பத்குமார் பொறுப்பு. திருவள்ளூர்க் கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பிள்ளை, கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் கொஞ்சம் பெரிதாகச் செய்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு.

வாள் வீசப் போகிறவர் ஹயாஷி. நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். வைக்கோல் பிரிகளை நட்டு வைத்து வெட்டிக் காட்டுவதாகத்தான் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். ஸம்பத்குமாருக்கு அது போதவில்லை. ஏதோ சர்க்கஸில் பார்த்ததை நினைத்துக்கொண்டு, ஒரு ஆளைப் படுக்க வைத்து, வயிற்றின் மேல் வெள்ளைப்பூசணியை வைத்து வெட்டினால் ஜனங்கள் வாயைப் பிளந்துவிடுவார்கள் என்று மீட்டிங்கில் சொன்னார். பெரிய ஜப்பான்காரருக்கு அது பிடித்துவிட்டது. மேலதிகாரி தலையாட்டிய பிறகு ஹயாஷி மறுக்கவில்லை.

யார் படுப்பது என்று கேட்டபோது பாக்கியநாதன் கையைத் தூக்கினான்.

இந்தச் செய்தியைக் கிரேஸிடம் கொண்டுவந்தவள் கேண்டீனில் வேலை செய்த கங்கம்மா. ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரி, யாரையும் "நைனா" என்பாள்.

"உன் ஊட்டுக்காரனுக்கு இன்னா புத்தி பிசகிப்போச்சா சிஸ்டரு? பூசணிக்காய வயித்து மேல வெச்சிக்கினு படுக்கப் போறானாமே! நாங்க அத எதுக்கு ஒடைப்போம்? ஒரு உசுருக்குப் பதிலா ஒடைப்போம். அத உசுரு மேலயே வெச்சி ஒடைக்கிறதா? வோணாம்னு சொல்லு நைனா."

கங்கம்மாவுக்குத் தெரியாத ஒன்று கிரேஸுக்குத் தெரியும்.

முந்தின வாரம் ஹயாஷி முதலுதவி அறைக்குத் தனியாக வந்தார். கதவைத் தாமே சாத்தினார். வலது கையை நீட்டினார். கம்பிச் சுருளுக்கும் உருளைக்கும் நடுவில் அகப்பட்டுக் கட்டைவிரல் அடியோடு வீங்கியிருந்தது. எலும்பு முறியவில்லை போலிருந்தது, ஆனால் விரல் மடங்கவில்லை. பட்டணத்துக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். அவர் தலையசைத்து மறுத்தார். இருவருக்கும் நடுவில் இருந்தது உடைந்த இங்கிலீஷ்தான்.

"யாருக்கும் சொல்ல வேண்டாம். வேலை நின்றுவிடும்" என்றார்.

"வாள் பிடிக்க முடியுமா?"

"வாளுக்குப் பலம் இடது கை. வலது கை திசை மட்டும்தான் காட்டும்."

அவள் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். அப்போது வைக்கோல்தானே என்று நினைத்திருந்தாள். இப்போது அந்தக் கடைசி வார்த்தை அவள் நெஞ்சுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. திசை மட்டும்தான் காட்டுமாம். திசை தவறினால்?

அன்று சாயங்காலம் வீட்டில் பாக்கியநாதன் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்.

"இன்னாத்துக்குக் கையத் தூக்கின?"

"மேனேஜரே தோள்ல தட்டிக் குடுத்தாரு. ஸம்பத்து சார் சொன்னாரு, பேரு மேலிடத்துக்குப் போவுதாம். இதோட பர்மனெண்ட் ஆயிடும்."

"அந்த ஜப்பான்காரரு கையி சரியில்ல."

"யாரு சொன்னா?"

அவள் வாக்கை உடைத்துவிட்டாள். விரல் வீக்கத்தைச் சொன்னாள், மடங்காததைச் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். பிறகு தட்டைத் தள்ளி வைத்தான்.

"நான் மாட்டேன்னா தானியேல் படுப்பான். இல்லாட்டி கோபால் படுப்பான். அவனவன் காத்துக்கினு கெடக்கறான். உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். பேஜாரு பண்ணாத."

ஆனால் அவன் சாப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. திருவிழா அன்று காலையில் கிரேஸ் கண் விழித்தபோது பக்கத்தில் அவனைக் காணோம். கூடத்தில் தரையில் மல்லாந்து படுத்திருந்தான். வயிற்றின் மேல் செம்பு நிறையத் தண்ணீர். மூச்சை அடக்கி அடக்கி விட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் நிற்கவில்லை. விளிம்பைத் தொட்டுத் தொட்டு வயிற்றில் சிந்திக்கொண்டிருந்தது. அவனுக்கும் பயம்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அது அவளுக்கு ஆறுதல் தரவில்லை, இன்னும் மோசமாக்கியது. நடுங்குகிற வயிற்றின் மேல் விரல் மடங்காத கை. அவள் சத்தம் காட்டாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வெயில் இறங்கினதும் மைதானம் நிறைந்துவிட்டது. புதுவாயலிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜனங்கள் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் வந்து இறங்கினார்கள். கயிறுகளில் சிவப்பும் வெள்ளையுமாகக் காகித விளக்குகள் கடல் காற்றில் ஆடின. பூப்போட்ட நீள அங்கியும் அகல இடுப்புப் பட்டையுமாக ஜப்பான் பெண்கள் சின்ன அடி வைத்து நடந்தார்கள். நம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள், பிறகு அவர்களும் வட்டத்தில் சேர்ந்து கைதட்டி ஆடினார்கள். மேளம் நெஞ்சில் இடித்தது. முகமூடி போட்டவர்கள் மூங்கில் கழியோடு பாய்ந்து கத்தியபோது குழந்தைகள் அழுதன, உடனே சிரித்தன.

கிரேஸ் மேடையோரத்தில் முதலுதவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஞ்சு, டிஞ்சர், துணிச் சுருள், கத்தரிக்கோல். வயிற்றில் வாள் இறங்கினால் இந்தப் பெட்டியால் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வேன் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கிண்ணம் பிடித்துக்கொண்டு நின்ற அந்த இரவு முழுவதும் அவள் கண் முன்னால் வந்து போனது.

ஹயாஷி மேடையேறினார். கறுப்பு உடை. முழங்காலிட்டு வாளை வணங்கினார். மேளம் நின்றது. வைக்கோல் பிரிகள் வரிசையாக நட்டிருந்தன. முதல் பிரி சத்தமில்லாமல் இரண்டானது. அடுத்ததும் அப்படியே. ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். கடைசிப் பிரியில் வாள் கோணலாக இறங்கிப் பாதியில் திரும்பி, கீழே நட்டிருந்த கட்டையைக் கொத்தியது. வைக்கோல் என்னவோ அறுந்து விழுந்தது. ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள். ஹயாஷியின் கட்டைவிரல் பிடியை விட்டு விலகி நிற்பதைக் கிரேஸ் பார்த்தாள். அவர் அதைப் பார்க்காதவர் போல மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை.

ஒலிபெருக்கியில் ஸம்பத்குமாரின் குரல் கேட்டது. "இப்போது நம் தொழிற்சாலைத் தோழர், அஞ்சா நெஞ்சர் பாக்கியநாதன்!"

விசில் பறந்தது. அவன் கும்பிட்டபடி ஏறினான். புது வெள்ளைச் சட்டை. நடுவில் விரித்த பாயில் மல்லாந்து படுத்தான். பூசணிக்காயை இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். அது லேசாக ஆடியது. அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

ஹயாஷி பக்கத்தில் வந்து நின்று வாளைப் பூசணியின் மேல் மெதுவாகத் தொட்டு அளவு பார்த்தார். ஓரடி பின்வாங்கினார். மறுபடி முன்னால் வந்து அளவு பார்த்தார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகிக் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க அவருக்குக் கை இல்லை.

கிரேஸ் எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. மரப்படியில் கால் தடுக்கியது. மேடையில் ஏறிப் புருஷன் பக்கத்தில் முழங்காலிட்டு, பூசணியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

மைதானம் சலசலத்தது.

"சிஸ்டர், என்ன பண்றேள்? மானம் போறது, கீழ எறங்குங்கோ!" ஸம்பத்குமார் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு பதறினார்.

பாக்கியநாதன் கண்ணைத் திறந்தான். "கைய எடு" என்று பல்லைக் கடித்தான். "எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க. எடுன்றேன்."

அவள் எடுக்கவில்லை. காரணத்தைச் சொல்லி, கொடுத்த வாக்கை ஊர் முன்னால் உடைக்க மனம் வரவில்லை. ஹயாஷியின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாள் நுனி காற்றில் மிக லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவர் வாளைத் தாழ்த்தினார். அதை உறையில் போட இடது கையால் உறையின் வாயைப் பிடித்தார். ஆயிரம் தடவை செய்த காரியமாக இருக்கும். வலது கை வாளைக் கொண்டுவந்தது. நுனி வாயைத் தவறவிட்டு, இடது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் பாய் மேல் சொட்டியது.

அதைப் பார்த்ததும் கிரேஸின் நடுக்கம் நின்றது. பெட்டியைத் திறந்தாள். கையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள், பஞ்சை வைத்து அழுத்தினாள், துணியைச் சுற்றிக் கட்டினாள். பாக்கியநாதன் எழுந்து உட்கார்ந்தபோது பூசணி உருண்டு மேடை விளிம்பிலிருந்து விழுந்து உடைந்தது. ஸம்பத்குமார் மேளக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். மேளம் கிளம்பியது, பெண்கள் மறுபடி வட்டம் கட்டினார்கள். என்ன நடந்தது என்று பாதி ஜனங்களுக்குப் புரியவே இல்லை. ஜப்பான்காரர் கையைக் கிழித்துக்கொண்டதும் வித்தையில் ஒன்று என்றுகூடச் சிலர் சொல்லிக்கொண்டு போனார்கள்.

பாக்கியநாதன் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. தனியாக வீட்டுக்கு நடந்தான். பல நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "பொண்டாட்டி வந்து காப்பாத்துன ஆளு" என்று லோடிங்கில் கேலி செய்தார்கள். அந்த வருஷம் பர்மனெண்ட் ஆனவர்களில் தானியேல் இருந்தான், அவன் இல்லை. அவன் பிழைப்பைத் தானே கெடுத்துவிட்டோமோ என்று, ஜெபத்தில் உட்கார்ந்தாலும் கிரேஸுக்கு அதே நினைப்பு. ஒருவேளை வாள் சரியாகவே இறங்கியிருக்குமோ? பூசணி மட்டும் இரண்டாகி, அவன் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பானோ? வெறும் பயத்தில் கெடுத்துவிட்டாளோ? கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அவரிடம் கேட்கவும் பயம்.

அடுத்த வருஷம் இயந்திரம் எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு ஹயாஷி ஊருக்குக் கிளம்பினார். கிளம்புவதற்கு முன் முதலுதவி அறை வாசலில் வந்து நின்றார். இடுப்பு வரை குனிந்து வணங்கினார். கிரேஸ் என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டாள்.

"அன்று வாளை அளவு பார்த்தபோது" என்று அவர் நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் சொன்னார், "கண்ணில் வியர்வை. பூசணி இரண்டாகத் தெரிந்தது. எது உண்மையானது என்று தெரியவில்லை. ஆனாலும் நான் வெட்டியிருப்பேன். நிறுத்தத் தெரியவில்லை எனக்கு."

சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். போய்விட்டார்.

கிரேஸ் அன்று மத்தியானம் வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காயத்தோடு வந்த தொழிலாளி அரசப்பனிடம் இரண்டு தடவை பெயர் கேட்டாள். சாயங்காலம் பாக்கியநாதன் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அவனிடம் சொன்னாள்.

அவன் கை பாதியில் நின்றது. இடது கை தானாகச் சட்டைக்கு மேல் வயிற்றைத் தடவியது.

"வெட்டியிருப்பேன்னாரா?"

"ஆமா."

"அவரு வாயாலயேவா?"

"அவரு வாயாலயே."

அவன் தட்டிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "கொஞ்சம் தண்ணி குடு" என்றான். அவள் எழுந்து போய் மொண்டு வந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.