முந்திக்கொள்ளும் விரல்

முத்துராணியின் இடது கட்டைவிரலுக்கு அவசரத்தைப் பழக்கிவிட்டது, மேலப்பாளையத்தில் பீர் மைதீன் பாய் வைத்திருந்த வீடியோ கேம் கடை.

அம்மா இசக்கியம்மா, தான் சுற்றிய பீடியைக் கொடுக்க அந்தத் தெருவுக்குத்தான் வருவாள். பீடிக் கடையில் கட்டுகளைப் பார்த்து, ஆகாததைக் கழித்துப் போட வெகுநேரம் ஆகும். அதுவரை, அப்போது சிறுமியாக இருந்த மகள் பக்கத்தில் பாய் கடையில் கிடப்பாள். டிவியில் மேலே கோழிகள் உட்கார்ந்து முட்டை போடும். கீழே கூடையை இடமும் வலமும் நகர்த்திப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் பாயின் ரிமோட்டில் இடது பொத்தான் மக்கர். அழுத்திச் சற்றுப் பொறுத்துத்தான் கூடை அசையும். புதிதாக வருகிறவர்கள் இடப்பக்க முட்டைகளை எல்லாம் உடைத்துவிட்டு, பாயிடம் சண்டைக்குப் போவார்கள்.

"பாய், அந்தப் பொத்தான மாத்துனா என்ன?" என்று அவளும் ஒருநாள் கேட்டாள்.

"மாத்திட்டா ஒனக்கும் அவனுவளுக்கும் என்னட்டி வித்தியாசம்? முட்ட கோழிய விட்டு எறங்குமுன்ன அமுக்கிப் பாரு."

அமுக்கிப் பார்த்தாள். முட்டை போடும் முன் கோழி லேசாக வாலை ஆட்டுவதைக் கண்டுபிடித்தாள். அதன்பின் அவள் வாசலில் செருப்பைக் கழற்றினாலே உள்ளே ஒரு குரல் கேட்கும்: "ஏலே எந்திரி, முட்டைக்காரி வந்துட்டா." அப்படி ஒரு மரியாதை அவளுக்குப் பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை. பட்டம் வாங்கிய அன்றுகூட இல்லை.

வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. பி.காம். அதை வைத்துக்கொண்டு துணிக்கடையில் பில் போட்டாள். பிறகு அந்த வேலையும் போய், எதற்குப் படித்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாள். அப்போதுதான் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. இதுவும் போனால் அம்மாவோடு பீடி சுற்ற உட்கார வேண்டியதுதான்.

அங்கே அவள் சான்றிதழை யாரும் பிரிக்கவில்லை. கையும் கண்ணும் எவ்வளவு வேகம் என்று பார்க்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். மேலிருந்து இடமும் வலமுமாக உருண்டைகள் விழும். கீழே உள்ள கோட்டைத் தொடும்போது அந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். பயந்துபோயிருந்த மற்ற பெண்களைப் பார்த்து முத்துராணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். இதிலா தனக்குப் பரீட்சை?

முடிந்ததும் சூப்பர்வைசர் சிவசங்கரன் திரையைப் பார்த்தார். "வலது பக்கம் ஒண்ணுகூடத் தப்பல. இடது பக்கம் பூரா தப்பு. விழுமுன்னயே அமுக்குதியே, கண்ணுல ஏதும் கோளாறாம்மா?"

பாய் கடை ரிமோட் சார் என்று இவரிடம் எப்படிச் சொல்வது? "இன்னொரு தடவ பாக்கட்டுமா சார்?" என்றாள்.

"எல்லாரும் முடிக்கட்டும். இன்னும் ஒரே தடவதான்."

இந்த முறை இரண்டு பொத்தானுக்கும் வலது கையையே கொண்டுபோனாள்.

"அங்கன லைன்ல ரெண்டு கையாலயும்தான் வேல. இடது கையையும் வையி."

வைத்தாள். முதல் உருண்டைக்கு விரல் முந்திக்கொண்டது. இரண்டாவதற்கும்தான். மூன்றாவது விழுந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு விரலைத் தூக்கிப் பிடித்தாள். உருண்டை கோட்டைத் தொடும்வரை பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது, முட்டை உடையட்டும் என்று விடுவதுபோல இருந்தது. ஒவ்வொன்றாக விட்டாள். தொட்ட பிறகே அழுத்தினாள். கடைசியில் விரல் அவள் சொன்னதைக் கேட்கத் தொடங்கியபோது, பாய் கடையிலிருந்து அவளிடம் மிஞ்சியிருந்த ஒன்றும் போகிறது என்று தோன்றியது. கடை எப்போதோ செல்போன் கடையாகிவிட்டது. பாய் மகனோடு துபாய்க்குப் போய்விட்டார்.

"பரவால்ல. திங்கக்கிழம வந்துரு," என்றார் சிவசங்கரன்.

பேருந்து நிறுத்தத்தில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"வேல கெடச்சிட்டும்மா."

"நெசமாவா? என்னட்டி கேட்டாவ?"

"ஒண்ணும் கேக்கல. கேம் வெளாடச் சொன்னாவ."

"அதுக்கு எதுக்குட்டி காலேசு? நான் பீடி குடுக்கப் போவும்போதே ஒன்னய பாய் கடையிலயே விட்டுட்டு வந்திருப்பேனே."

முத்துராணி சிரித்தாள். பேருந்து வந்து நின்ற பிறகே, இடது கட்டைவிரலால் போனை அணைத்துவிட்டு ஏறினாள்.