மூடி போட்ட நான்கு கிளாஸ்கள்

அடி பெருத்து வாய் ஒடுங்கிய நான்கு கிளாஸ்கள். வாசம் போய்விடாதபடி ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கண்ணாடி மூடி. லண்டன் கோலியர்ஸ் வுட்டில், டயர்க் கடை ஒன்றின் பின்னாலிருந்த கொட்டகையில், அத்தான் அவற்றை மேசையில் வரிசையாக வைத்தார். ஒருமுறை தள்ளி நின்று பார்த்துவிட்டு, மறுபடியும் நேராக்கினார்.

அக்காவின் கணவரான அத்தான் பாதாள ரயில் ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டு, வீட்டை வங்கியில் ஈடு வைத்து, சிறிய விஸ்கி வடிசாலை ஒன்றைத் தொடங்கியிருந்தார். அனுமதி வந்துவிட்டது, செம்பு வடிகலனும் வந்துவிட்டது. அதை இயக்க அனுபவமுள்ள ஆள்தான் இல்லை. இந்த நாட்டில், வடித்தது மரப்பீப்பாயில் மூன்று வருடம் கிடந்த பிறகுதான் விஸ்கி என்ற பெயரைப் பெறும். ஆகவே தவறான ஆளை எடுத்தால் தவறு தெரியவே மூன்று வருடம் ஆகும். அதற்குள் வீடு போய்விடலாம். பத்திரிகையில் இருந்தவனுக்கு ஆட்களைக் கேள்வி கேட்கத் தெரியும் என்று நம்பி, என்னையும் பக்கத்தில் உட்கார்த்தினார்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெரிய வடிசாலைகளில் வேலை செய்த ஆங்கிலேயர். காலில் நல்ல சப்பாத்து, நல்ல பேச்சு. மற்றவர் ஐம்பதைத் தாண்டிய ஸ்கொட்லாந்துப் பெண்; சிவப்புக் கம்பளித் தொப்பியைக் கடைசிவரை கழற்றவில்லை. தூரத்திலிருந்து வந்தவர்களை வெறும் வயிற்றோடு வைத்துக் கேள்வி கேட்க அக்காவுக்கு மனம் வரவில்லை. மட்டன் ரோல்ஸ், மீன் கட்லட், மிளகாய்ச் சட்னி, இஞ்சி போட்ட தேநீர் எல்லாம் வந்தன. இருவரும் மறுக்கவில்லை. மறுக்க அக்கா இடம் கொடுக்கவுமில்லை.

ஆங்கிலேயர் சட்னியின் காரத்தில் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்கையும் முகர்ந்தார். அத்தான் கடையில் வாங்கி ஊற்றியிருந்த விஸ்கிகளில் எது எந்த வகைப் பீப்பாயில் கிடந்தது என்று தயங்காமல் சொன்னார். இரண்டு சரி, இரண்டு பிழை. நான்கையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

பெண் முதல் கிளாஸின் மூடியைத் தூக்கினார், மூக்கருகே கொண்டுபோனார், மூடியைத் திரும்ப வைத்துவிட்டார். ரோல்ஸ் அருமை, ஆனால் இதற்குப் பிறகு இன்று தன் மூக்கைத் தானே நம்பமாட்டேன் என்றார். நாளைக் காலை ஒன்றும் சாப்பிடாமல் வருவதாகச் சொல்லிவிட்டு, மிஞ்சியிருந்த கட்லட்டையும் எடுத்துக்கொண்டார்.

“ஏலாதாம். இதைக் கேக்கவோ இவ்வளவு தூரத்திலயிருந்து கூப்பிட்டனான்?” என்று அத்தான் என் காதில் முணுமுணுத்தார். அந்த முதற்சொல் பெண்ணின் காதிலும் விழுந்திருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று அக்காவிடம் கேட்டார்; ‘ஏலாது’ என்றால் முடியாது என்று அக்கா சொன்னதும், இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு அத்தான் ஆங்கிலேயர் பக்கமே சாய்ந்தார். நாலில் ரெண்டையாவது சரியாச் சொன்னவர்தானே என்றார். அக்கா தட்டுகளை அடுக்கியபடி கேட்டார்: “பிரேக் பிடிக்காதெண்டு தெரிஞ்சா நீங்கள் ரயிலை எடுப்பியளோ?”

மறுநாள் பெண் மூன்றைச் சரியாகச் சொன்னார். நான்காவது தெரியவில்லை என்றார். வேலை அவருக்குத்தான்.

போன மாதம், அவர் முதலில் வடித்து நிரப்பிய நான்கு பீப்பாய்களுக்கும் மூன்று வருடம் நிறைந்தது. போத்தல்களுக்கான லேபிள்கள் அச்சாகி வந்திருந்தன. கோயிலில் எல்லாரிடமும் அத்தான் சொல்லியிருந்தார். அக்கா ரோல்ஸ் தட்டோடு வாசலுக்கு வெளியே நின்றார். முகர்ந்து முடியும்வரை உள்ளே வருவதில்லை என்பது அவரே போட்டுக்கொண்ட சட்டம். மேசையில் அதே நான்கு கிளாஸ்கள், பீப்பாய்க்கு ஒன்றாக. பெண் அவசரப்படாமல் நான்கையும் முகர்ந்து, ஒவ்வொன்றாக மூடிவைத்தார்.

“ஏலாது,” என்றார் அத்தானிடம். உச்சரிப்பில் குறை இல்லை. இன்னும் ஒரு குளிர்காலமாவது கிடக்க வேண்டும் என்று பிறகு ஆங்கிலத்தில் விளக்கினார்.

வங்கிக்கு என்ன சொல்வது என்று அத்தான் கேட்டார். கேள்வி யாருக்கு என்று தெரியவில்லை. அவர் லேபிள் பெட்டியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். கிளாஸ்களை ஒருமுறை நேராக்கினார்.

“ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லக்கூடியவ எண்டு அண்டைக்கே தெரிஞ்சுதானே எடுத்தனாங்கள்,” என்றார். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “உள்ளுக்கு வாருமப்பா. இண்டைக்கு இனி ஒருத்தரின்ர மூக்குக்கும் வேலையில்லை.”