நைனா முகத்தில் நிற்காத ஃபோகஸ்

புதுக் கேமரா வந்ததும் திருவொற்றியூரில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா, டோல்கேட் பக்கத்து மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம் என்று இரண்டு வேலைகளை அதில் முடித்தேன். படங்கள் கண்ணாடி போல வந்தன. பட்டுப் புடவையின் ஜரிகையை இழை இழையாக எண்ணலாம். அடுத்து எடுத்தது என் அப்பாவை, நைனாவை. எத்தனை முறை எடுத்தாலும் அவர் முகம் மட்டும் மங்கலாகவே விழுந்தது.

நைனா ஃபைபர் படகு ஓட்டியவர். எங்கள் குப்பம் கத்திவாக்கத்தை ஒட்டி, எண்ணூர் கழிமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பல வருடம் வாயில் புகையிலையை அடக்கி வைத்ததில் இடது கன்னத்துக்குள் கட்டி வந்துவிட்டது. கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தையே எடுக்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி, ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள். தொடைச் சதையை எடுத்து ஒட்டுவோம், ஆனால் பழைய முகம் வராது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். நைனா வீட்டுக்கு வந்து, துண்டால் கன்னத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்து, அதன் பிறகுதான் வாயைத் திறந்தார். திறந்தார் என்பதுகூடப் பேச்சுக்குத்தான். விரல் நுழையும் அளவுக்குத்தான் அந்த வாய் திறக்கும்.

"அறுக்கறதுக்கு முன்னாடி என் மூஞ்சிய ஒரு தபா ஒயுங்கா எட்த்து வெச்சிடு கண்ணு."

ஊரார் வீட்டு விசேஷத்தையெல்லாம் எடுக்கிற என்னிடம் அவருடைய நல்ல படம் ஒன்றுகூட இல்லை. நான் வீட்டில் இருந்தால் அவர் கடலில் இருப்பார். அவர் கரைக்கு வந்தால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். இருந்ததெல்லாம் ஆதார் அட்டை முகம்தான். அதைப் பார்த்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

வெளிச்சத்துக்கு வரச் சொன்னேன், மறுத்துவிட்டார். வாசலில் நின்றால் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் கன்னத்தைப் பார்த்து, உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்களாம். ஆகவே வீட்டுக்குள், ஒற்றை ஜன்னல் பக்கம் எடுப்பதென்று முடிவானது. அம்மா நாற்காலியை எடுத்துவந்து போட்டார். நைனா அதைக் காலால் தள்ளினார்.

"பொணத்தத்தான் சேருல குந்த வெச்சு போட்டோ புடிப்பாங்க" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் பக்கம் செத்தவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டுக் கடைசிப் படம் எடுப்பார்கள். நானே பல வீடுகளுக்குப் போய் அப்படி எடுத்திருக்கிறேன். அம்மா நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார். நைனா துண்டைக் கன்னத்தோரம் பிடித்தபடி ஜன்னல் பக்கம் நின்றார்.

இருட்டு அறை என்பதால் லென்ஸை முழுசாகத் திறந்து வைத்தேன். அப்படித் திறந்தால் ஃபோகஸ் ஒரு மெல்லிய ஏடு மாதிரி ஆகிவிடும். கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். அது எனக்குத் தெரிந்ததுதான், தினமும் செய்கிற வேலைதான். ஆனால் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், ஒரு படத்தில் மூக்கு நுனி தெளிவு, கண் இல்லை. இன்னொன்றில் காதோரத்து நரைமுடி தெளிவு, கண் இல்லை. எல்லாப் படத்திலும் கண்கள் ஆவி படிந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தன.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்தவள் போல ஆனேன். உப்புக் காற்று லென்ஸில் படிந்திருக்கும் என்று துடைத்தேன். முன்னால் மாட்டியிருந்த ஃபில்டரைக் கழற்றினேன். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடுத்துப் பார்த்தால் பொடி எழுத்துகூடப் படிக்க வந்தது. வேறு கேமராவில் எடுத்தால் தெரிந்துவிடும் என்று தோழியிடம் அவளுடைய பழைய கேமராவை இரவல் வாங்கினேன். அதிலும் நைனா மங்கல்தான். அப்படியானால் நடுங்குவது என் கைதான் என்று முடிவு கட்டி, கேமராவை முக்காலியில் ஏற்றினேன். அப்போதும் மங்கல்.

கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பற்றிக்கொள்ளும் வசதி இந்தக் கேமராவில் இருக்கிறது. அதை நம்பித்தான் இதையே வாங்கினேன். மண்டபத்தில் மணப்பெண் தலையைத் திருப்பினாலும் திரையில் தெரியும் சின்னக் கட்டம் கண்ணை விடாது. நைனாவின் முகத்தில் மட்டும் அது வந்து உட்காரவே இல்லை. அம்மாவின் மேல் தாவும், சுவரில் தொங்கும் சாமிப் படத்தின் மேல் தாவும், திரும்ப வரும், மறையும். வீங்கிய கன்னமும் துண்டும் சேர்ந்து அதைக் குழப்பியிருக்கலாம். ஒரு மெஷின்கூட அவரை மனுஷ முகமாக ஏற்கவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. அந்த வசதியை அணைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஃப்ளாஷ் போட்டுப் பார்த்தேன். வீங்கிய தோல் பளபளவென்று மின்னியது. நைனா பார்த்துவிட்டு வேண்டாமென்று கையை ஆட்டினார். செல்போனில் எடுத்தேன். அது அவர் முகத்து அம்மைத் தழும்பை எல்லாம் வழித்தெடுத்து, பொம்மைக்கு மீசை வைத்தது போல ஒரு ஆளைக் காட்டியது. இது யார் என்று அவரே கேட்டார்.

விற்ற கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஷேர் ஆட்டோ, அப்புறம் பஸ், வழி நெடுக கண்டெய்னர் லாரிகள். கடைக்காரர் நிதானமாகச் சோதித்தார். தெருவில் போன ஒருவரை எடுத்துக் காட்டி, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றார். சந்தேகமென்றால் சர்வீசுக்கு அனுப்பலாம், திரும்பி வரச் சில வாரம் ஆகுமாம். அதற்குள் எங்கள் வீட்டில் ஒரு முகமே போய்விடும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? லென்ஸில் கோளாறு இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. கோளாறு என்றால் மாற்றிவிடலாம். எல்லாம் சரியாக இருக்கிறது, படம் மட்டும் வராது என்றால் யாரைப் போய்ப் பிடித்து உலுக்குவது?

ஆபரேஷனுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வேறு வழி தெரியாமல், பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். படபடவென்று படம் விழுந்தது. கூட்டத்தில் ஒன்றாவது தேறாதா என்ற வெறி. ஒன்றிரண்டில் கண் தெளிவாக விழுந்தது, ஆனால் வலியில் பாதி மூடிய கண். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, எரிச்சலில் படங்களை வேகமாகத் தள்ளினேன். வேகமாகத் தள்ளும்போதுதான் அது தெரிந்தது.

நைனா ஆடினார்.

பின்னாலிருந்த ஜன்னல் கம்பி அசையவில்லை, சாமிப் படம் அசையவில்லை. நைனா மட்டும் முன்னால் வந்தார், பின்னால் போனார், மறுபடி முன்னால் வந்தார். ஒரு விரற்கடை அளவுதான், மெதுவாக, ஒரே சீராக. நான் கண்ணில் ஃபோகஸ் வைத்துப் பட்டனை அழுத்துவதற்குள் அந்தக் கண் நகர்ந்துவிட்டிருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து கரையில் இந்த மனுஷன் ஆடாமல் நின்று தான் பார்த்ததில்லை என்றார். கடல் கற்றுக்கொடுத்த ஆட்டமா, நோயில் வந்த தள்ளாட்டமா, எனக்குத் தெரியாது. கேமராவின் மேல் நான் கொட்டிய அத்தனை வசவும் வீண் என்பது மட்டும் தெரிந்தது.

சுவரில் சாய்ந்து நிற்கச் சொன்னேன். சாய்ந்தார். தலையைச் சுவரில் அழுத்தியதும் கழுத்து விறைத்து, போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தி வைத்த ஆள் போல ஆகிவிட்டார். அவருக்கே பிடிக்கவில்லை. லேப்டாப் பக்கம் வந்து, தான் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படகுல நின்னா ஆட மாட்டேன்" என்றார்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. எங்கள் குப்பத்தில் பெண்கள் மீன் விற்போம், வலைக்கு நூல் வாங்குவோம், சண்டை போடுவோம், படகில் மட்டும் ஏற மாட்டோம். நைனாவின் படகை நான் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. அவர் அதில் எப்படி நிற்பார் என்றுகூட எனக்குத் தெரியாது. பொட்டப்புள்ளையைப் படகில் ஏற்றினால் ஊரில் என்ன பேசுவார்கள், ஆபரேஷன் நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று அம்மா பொரிந்து தள்ளினார். நைனா பொறுமையாகக் கேட்டார். வாயோரம் வழிந்த எச்சிலைத் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

"நானே இனிமே ஏறுவனா மாட்டனான்னு தெர்ல. அவ ஏறுனா இன்னாமே ஆயிடப்போவுது?"

அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார்.

மறுநாள் விடிந்ததும் கழிமுகத்துக்குப் போனோம். படகை இப்போது ஓட்டுவது சித்தப்பா. அவர் கரையில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நைனா லுங்கியை மடித்துக் கட்டி, வீட்டில் சுவரைப் பிடித்து நடந்த அதே ஆள்தானா என்று கேட்கும்படி ஏறினார். பிறகு என் கையைப் பிடித்து ஏற்றினார். பலகையில் முட்டியை ஊன்றி, கேமராவை மார்போடு இறுக்கிக்கொண்டேன்.

நைனா பின்பக்கம் போய் இஞ்சின் கைப்பிடியில் கையை வைத்து நின்றார். அவராகவே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தைத் திருப்பி நல்ல கன்னத்தைக் காட்டவும் இல்லை. கழிமுக வாயைப் பார்த்தபடி நேராக நின்றார். கேமரா வழியாகப் பார்த்தேன். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி மேலும் கீழும் ஆடியது. கரை ஆடியது, கரையில் சித்தப்பா ஆடினார், நான் ஆடினேன். நைனா மட்டும் நட்ட கம்பம் மாதிரி நின்றார். கண்ணில் புள்ளியை வைத்து அழுத்தினேன். வெளிச்சம் இருந்தது, லென்ஸைக் கொஞ்சம் மூடவும் முடிந்தது, அதனால்தான் தெளிவாக வந்தது என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அவர் நின்றதை நான் பார்த்தேன்.

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணின் சிவப்பு நரம்பு, இமையோரத்துப் பொடித் தழும்பு, கன்ன வீக்கம், எல்லாம் இருந்தது. நைனா வெகுநேரம் பார்த்தார். இது நான்தான் என்றார்.

ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். வார்டில் முதல்முறை கட்டு மாற்றியபோது நான் பார்த்தேன். பார்த்ததை எழுத எனக்கு மனம் வரவில்லை. மூக்கில் குழாய், பேச்சு கிடையாது. யாராவது கட்டில் பக்கம் வந்தால் நைனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவைக்கூட நேராகப் பார்க்கவில்லை. உயிரைக் காப்பாற்றிவிட்டோம், ஆளைத் தொலைத்துவிட்டோமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் கட்டு மாற்றப் புதிதாக ஒரு நர்ஸ் வந்தார். சின்னப் பெண். நைனா என்னிடம் கையை நீட்டி செல்போனைக் கேட்டார். படகுப் படத்தைத் திறந்து கொடுத்தேன். அவர் அதை நர்ஸ் முன்னால் நீட்டினார்.

"யாரு, உங்க தம்பியா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

நைனா இல்லையென்று கையை ஆட்டினார். தன் மார்பை விரலால் தட்டிக் காட்டினார். மறுபடியும் தட்டினார். நர்ஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கன்னம் கடந்து, மூக்கு கடந்து, கண் மட்டும் திரை முழுக்க வந்தது. அதைப் பார்த்தார். நிமிர்ந்து, கட்டுகளுக்கு மேலே தெரிந்த நைனாவின் கண்ணைப் பார்த்தார். பிறகு திரும்பவும் படத்தை.

"ஆமா, நீங்கதான்" என்றார். "கண்ணு அப்படியே கீது."

நைனா அன்று சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. கட்டு மாற்றி முடியும்வரை அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போய் வராந்தா சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.